இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

1

எங்கள் வண்டிக்கு இந்த ஆவணியோடு பதினைந்து வயது முடிகிறது. ஆண்பிள்ளைக்கு அது மீசை அரும்புகிற வயது. கல்கத்தாவில் சரக்கு வண்டிக்கு அது ஆயுள் முடிகிற வயது. அதற்கு மேல் நகரத்துக்குள் ஓட்டக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது. ஆகவே புது வண்டி வாங்கியாக வேண்டும். கையால் கியர் போடுகிற வண்டியா, தானாகக் கியர் மாற்றிக்கொள்கிற வண்டியா என்பதில்தான் எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகப் பேச்சு.

ஒரு பிக்கப் வண்டிக்காகவா இந்தக் கிழவி பேனாவை எடுத்தாள் என்று ஊரில் இருக்கிற நீங்கள் நினைக்கலாம். அதற்காகத்தான் எடுத்தேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் ஊறப்போட்ட அரிசி ஊறிவிடும். இருந்தாலும் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, உங்களுக்கும் இருக்காது என்று வைத்துக்கொள்கிறேன்.

பிறந்தது அம்பாசமுத்திரம். கல்யாணமாகி ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கினவள், அதன் பிறகு இந்த ஊர்க்காரிதான். பாலிகஞ்சில் ஒரு சந்துக்குள் இட்லி மாவு அரைத்து ஓட்டல்களுக்கும் கேன்டீன்களுக்கும் கொடுக்கிறோம். என் வீட்டுக்காரர் கைவண்டியில் தொடங்கிய தொழில். விடியற்காலையில் வண்டி கிளம்பும். முதலில் சால்ட் லேக், பிறகு ஊரைச் சுற்றிக்கொண்டு கார்டன் ரீச். டிரைவர் பெயர் நிமாய். பக்கத்து இருக்கையில் நான். மழையானாலும், பனியானாலும், துர்கா பூஜைக் கூட்டமானாலும் நான் இல்லாமல் மாவு போனது கிடையாது.

2

மாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் வண்டியைப் பற்றிப் புரியும்.

அரைத்த மாவை எவர்சில்வர் டிரம்களில் முக்கால் அளவுக்கு ஊற்றி வைப்போம். விடிவதற்குள் அது பொங்கி, வாயை எட்டிப் பார்க்கும். மூடியை இறுக்க முடியாது. இறுக்கினால் தூக்கி எறிந்துவிடும். அதனால் சும்மா மேலே வைத்துத் துணியால் கட்டுவோம். அப்படிப் பொங்கி நிற்கிற மாவு கைக்குழந்தை மாதிரி. வண்டி நன்றாக ஒரு குலுக்குக் குலுக்கினால் அமுங்கிவிடும். அந்த மாவில் வார்த்த இட்லியைச் சட்னியாலும் காப்பாற்ற முடியாது.

வண்டி குலுங்கினால் மாவு டிரம்மின் உள்பக்கத்தில் மோதும். மோதிய உயரத்துக்கு வெள்ளையாகக் கோடு விழும். பின்பக்கம் கோடு ஏறியிருந்தால் டிரைவர் கிளட்சை வெடுக்கென்று விட்டிருக்கிறான் என்று அர்த்தம். முன்பக்கம் ஏறியிருந்தால் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறான். வேலைக்கு வருகிறவனின் லைசென்ஸை என் வீட்டுக்காரர் பார்ப்பார். நான் கோட்டைப் பார்ப்பேன். எத்தனையோ பேர் வந்து போனார்கள். நிமாய் வந்த அன்றைக்குச் சால்ட் லேக்கில் மூடியைத் திறந்தால், கிளம்பும்போது எப்படிப் பொங்கி நின்றதோ அப்படியே நின்றது. "இவன் போதும்" என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பதினைந்து வருஷத்தில் எங்கள் வண்டியின் கியர்பாக்ஸைத் திறந்ததே இல்லை. கிளட்ச் பிளேட்டை மட்டும் ஒவ்வொரு துர்கா பூஜை முடிந்ததும் மாற்றுவோம். அந்தக் கூட்டத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்தால் எந்த பிளேட்டும் கருகத்தான் செய்யும். பிளேட் மாற்றுவதும் பூஜைச் செலவில் ஒன்று என்று ஆகிவிட்டது.

நிமாய் என்னை மாசிமா என்பான். சித்தி என்று அர்த்தம். என் மகன் அவனை நிமாய்தா என்பான்; தாதா, சுருக்கமாகத் தா, என்றால் அண்ணன். நான் அவனோடு பெங்காலியில்தான் பேசுவேன். அதைத் தமிழாக்கியே இங்கே எழுதுகிறேன். அவனுக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும். ஆனால் அதைக் கற்றுக்கொண்டது என் வீட்டுக்காரரிடம், அதுவும் அவர் ரோட்டில் மற்ற வண்டிக்காரர்களைத் திட்டியபோது. அதனால் ஹூக்ளிக் கரையில் ஒரு பெங்காலி, ஆட்டோக்காரனைப் பார்த்து, "ஏலே, வழிய விடுல!" என்று கத்துவதை நீங்கள் கேட்க நேர்ந்தால் அது எங்கள் நிமாய்தான்.

என் வீட்டுக்காரர் போனபோது தொழிலை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலை வாசலில் ஹாரன் சத்தம். நிமாய்தான். பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். ராத்திரி யாருக்கும் தெரியாமல் நான் அரிசி ஊறப்போட்டதை அவன் எப்படிக் கண்டுகொண்டான் என்று இன்று வரை கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

3

இந்தச் சித்திரை முதல் கோடு ஏற ஆரம்பித்தது.

முதலில் சால்ட் லேக் ஓட்டல்காரர் சொன்னார், இட்லி வரவர ரொட்டி மாதிரி இருக்கிறது என்று. நான் உளுந்துக் கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். உளுந்தை மாற்றினேன். அரிசியை மாற்றினேன். பிறகுதான் டிரம்மைத் திருப்பிப் பார்த்தேன். எல்லா டிரம்மிலும் பின்பக்கம் கோடு ஏறியிருந்தது.

மறுநாள் ரோட்டைப் பார்க்காமல் நிமாயின் இடது காலைப் பார்த்துக்கொண்டே போனேன். கார்டன் ரீச் போகிற வழியில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மிதிப்பதும் விடுவதும், மிதிப்பதும் விடுவதுமாகத்தான் நகர வேண்டும். ஒவ்வொரு தடவை கிளட்சை விடும்போதும் அவன் முழங்கால் நடுங்கியது. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"முழங்காலில் என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாசிமா. மழை வரப்போவுது, அதான்."

"சித்திரையில என்ன மழை?"

"அதுதான் என் காலுக்கு முன்னாடியே தெரியுது."

சிரிக்கவைத்துவிட்டால் விட்டுவிடுவேன் என்று அவனுக்கு நினைப்பு.

கியர்பாக்ஸைத் தேய விடாமல் வைத்திருந்தது இந்தக் கால்தான். அது தேய்ந்துவிட்டது.

4

என் மகன் செந்தில் செக்டார் ஃபைவில் ஒரு ஆபீசில் இருக்கிறான். நல்ல பிள்ளை. பெங்காலியில் கனவு காண்கிற பிள்ளை. என்னோடு தமிழில்தான் பேசுவான், ஆனால் கோபம் வந்தால் பெங்காலிக்குப் போய்விடுவான். பேரப்பிள்ளைக்குத் தமிழ் சாப்பாட்டுத் தட்டோடு சரி. தோசை, சாம்பார், போதும். இதற்கு மேல் சொல்லி உங்கள் மனதையும் என் மனதையும் நோகடிக்க வேண்டாம்.

புது வண்டி விஷயமாகச் செந்தில் போனில் நிறையப் படித்துவிட்டு வந்தான்.

"எம்மா, மேனுவலே வாங்குவோம். பழைய மாதிரியே. புதுசா ஒரு டிரைவரப் போட்டுக்கிடலாம். நிமாய்தாவ மரியாதையா அனுப்பி வச்சிருவோம்."

"எங்க அனுப்புத?"

"வீட்டுக்குத்தான். ரெஸ்ட் எடுக்கட்டும்."

"ரெஸ்ட் எடுத்து நல்லாருந்த ஆம்பளை யாரையாவது பாத்திருக்கியால? உங்கப்பா ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்தாக. அதோட சரி."

நான் மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். டாக்டரிடம் போக ஒரு நாள் வாடகைக் காரில் ஏறியிருந்தேன். அந்த டிரைவர் வழி முழுவதும் இடது காலை மடக்கிச் சும்மா வைத்துக்கொண்டே ஓட்டினான். கிளட்சே கிடையாது என்றான்.

"பிக்கப்புலயும் அப்படி வருதாமே?"

"வருது. ஆனா நீடிச்சு உழைக்காது. நம்ம லோடு, நம்ம டிராஃபிக், மழைக்காலத்துல முட்டளவு தண்ணி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடாகிப் போச்சுன்னா தெரு மிஸ்திரி தொட மாட்டான். கம்பெனிக்குத்தான் இழுத்துட்டுப் போகணும். அன்னைக்கு மாவு என்னாகும்? நீங்களே சொல்லுங்க."

அவன் கேட்டது நியாயமான கேள்வி. மாவுக்கு லீவு கிடையாது. அதனால் மறுநாள் ஆலம் மிஸ்திரியிடம் போனேன். எங்கள் வண்டியை முதல் நாளிலிருந்து பார்க்கிற மெக்கானிக் அவர். செந்திலும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான்.

ஆலம் கையைத் துடைத்துக்கொண்டு, "என் பிழைப்பு நடக்கணும்னா மேனுவல் வாங்குங்க மாசிமா" என்றார்.

"என் பிழைப்பு நடக்கணும்னா?"

சிரித்துவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்து விளக்கினார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மேனுவல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். பிளேட், கேபிள், பேரிங் என்று ஏதாவது. ஆனால் எந்தச் சந்திலும் சரிசெய்துவிடலாம். நல்ல கால் மிதித்தால் எத்தனை வருஷமும் ஓடும், கெட்ட கால் மிதித்தால் ஒரே வருஷத்தில் நாசம். ஆட்டோமேட்டிக்கில் இரண்டு விதம். ஒன்றில் அதே கிளட்ச் பிளேட்தான் இருக்கும், காலுக்குப் பதில் ஒரு மெஷின் அதை மிதிக்கும். அந்த பிளேட்டும் பூஜைக் கூட்டத்தில் கருகும். இன்னொன்றில் இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வாங்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கும். அது லேசில் கெடாது. கெட்டால் பெரிதாகக் கெடும். அப்படிக் கெடுவதும் பெரும்பாலும் அந்த எண்ணெயை மாற்றாமல் விடுவதால், அல்லது அளவுக்கு மேல் பாரம் ஏற்றிச் சூடாக்குவதால், அல்லது தேங்கிய தண்ணீரில் இறக்கி உள்ளே தண்ணீர் போவதால்.

"கம்பெனிக்காரன் எண்ணெய மாத்தவே வேண்டாம்பான். நம்பாதீங்க" என்றார்.

"சொன்னேன்ல, ரிஸ்க்கும்மா" என்றான் செந்தில்.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. "மேனுவல் கெடுறதுக்குக் காரணம் கால். இது கெடுறதுக்குக் காரணம் மறதி. அப்படித்தான?" என்று கேட்டேன்.

ஆலம் கொஞ்சம் யோசித்து, "ஏறக்குறைய அப்படித்தான்" என்றார்.

"என் கிரைண்டர் செந்திலுக்கு மூத்தது. ஒரு நாள் எண்ணெய் இல்லாம ஓடினது கிடையாது. இதுக்கும் நானே ஞாபகம் வச்சுக்கிடுதேன். தண்ணி தேங்கினா சுத்திக்கிட்டுப் போவோம். பாரம் ஒரு டிரம் குறைச்சு ஏத்துவோம்."

"புது டிரைவர் போட்டா இதெல்லாம் வேண்டாமே?" என்று பெங்காலியில் கேட்டான் மகன்.

"புது டிரைவர் காலுக்கு யார் கேரண்டி?" என்று நான் தமிழில் கேட்டேன்.

கடைசியில் அவன்தான் அந்த எண்ணெய் வகை வண்டியைச் சால்ட் லேக் பக்கம் ஒரு ஷோரூமில் கண்டுபிடித்து, தெரிந்தவர் மூலம் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கவும் ஏற்பாடு செய்தான். இரண்டு நாளில் சரிப்படாவிட்டால் மேனுவல், புது டிரைவர் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். நானும் கொடுத்தேன்.

நடுவில் பழைய வண்டியை ஒப்படைப்பதற்கான காகித வேலை. ஆவணி வரை வண்டி எங்களிடம்தான் இருக்கும். வண்டி என் பெயரில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு சின்னப் பையன், காகிதத்தை நீட்டி இங்கிலீஷில் கையெழுத்துப் போடச் சொன்னான். நான் தமிழில் போட்டேன். "இது என்ன எழுத்து? டிப்சை வைங்க" என்று மசிப் பெட்டியைத் தள்ளினான். டிப்சை என்றால் கைநாட்டு. நான் அந்தப் பெட்டியை அவன் பக்கமே தள்ளி வைத்தேன். "வாங்கும்போது போட்ட கையெழுத்தை எடுத்துப் பார் தம்பி. அதுவும் இதுவும் ஒன்றாக இல்லாவிட்டால் அப்போது மசி கொண்டு வா" என்றேன். எடுத்துப் பார்த்தான். ஒன்றாகத்தான் இருந்தது. மெதுவாகப் போட்டாலும் ஒரே மாதிரி போடுவேன்.

5

நிமாயிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அது பொம்மை வண்டி மாசிமா. ஓட்டத் தெரியாதவங்களுக்கு."

"அப்ப ஓட்டத் தெரிஞ்ச உனக்கு இன்னும் சுலபம்" என்றேன்.

முதல் நாள் விடியற்காலை. சந்துக்குள் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. பட்டில் வழுக்குகிற மாதிரி வண்டி போனது. எனக்கே பெருமையாக இருந்தது. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போது முன்னால் ஒரு ரிக்ஷா. நிமாய் வேகத்தைக் குறைக்கப் போனான். பதினைந்து வருஷமும் அதற்கு முன்னாலும் பழகிய இடது கால், கிளட்சைத் தேடி எழும்பி ஓங்கி மிதித்தது. அந்த வண்டியில் அங்கே கிளட்ச் இல்லை. பிரேக்தான் அகலமாக நீண்டிருந்தது.

வண்டி சடாரென்று குலுங்கி நின்றது. நல்ல வேளை, பின்னால் நெருக்கமாக எதுவும் இல்லை. பெல்ட் என்னைப் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் பின் கண்ணாடி முழுக்க வெள்ளை. ஷோரூமின் புது வண்டிக்கு நாங்கள் மாவால் வெள்ளையடித்திருந்தோம். ஆட்டோக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து, "தாதா, தோசை கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நிமாய் அவனைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வந்து, பழைய வண்டியில் மிச்ச மாவை ஏற்றிக்கொண்டு எல்லா இடத்துக்கும் பிந்திப் போனோம். சாயங்காலம் நிமாய் சாவியை என் முன்னால் வைத்தான்.

"செந்தில் சொல்றதுதான் சரி மாசிமா. புது ஆளைப் பாருங்க. இந்தக் கால் எதையும் புதுசாக் கேக்காது."

எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அம்பாசமுத்திரம் வந்திருந்தேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தால் பெங்காலி வருகிறது. ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கல்கத்தாவுக்கு வந்த புதிதில் இதே வாய் மீன்காரியிடம் தமிழில் பேசி முழித்திருக்கிறது. இல்லாத இடத்தில் மிதிக்கிற கால் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அது மக்குக் கால் இல்லை. நன்றாக உழைத்த கால்.

சாவியை அவன் பக்கமே நகர்த்தினேன். "நாளைக்கும் வண்டி நம்மகிட்டதான் இருக்கு. வந்து சேரு."

6

மறுநாள் அவன் வந்தான். முகம் சரியில்லை. மாவு அரைக்கிற அறைக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது என்பது முதல் நாளிலிருந்து எங்கள் வழக்கம். நிமாய் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் டிரம்களைத் தூக்கி வந்தான். ஈரத் தரையில், பொங்கின மாவோடு, பூனை மாதிரி நடந்தான். நான் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பு இல்லாவிட்டால் அந்தக் கால் அடங்கி நடக்கும். முழங்கால் வலியிலும் அடங்கி நடக்கும். எத்தனை வருஷப் பழக்கம்.

ஏற்றி முடித்துச் செருப்பை மாட்டப் போனவனிடம், "வலதை மட்டும் போடு. இடது இங்கேயே கிடக்கட்டும்" என்றேன்.

"என்ன மாசிமா?"

"செருப்பு இல்லாட்டா அந்தக் கால் மாவு ரூமுக்குள்ள இருக்கிறதா நினைச்சுக்கிடும். எழும்பாது. பின்னால இழுத்து வச்சுக்கோ."

"ரோட்டுல ஒத்தச் செருப்போடயா? கார்டன் ரீச்சுல இறங்கினா டிரைவருங்க எல்லாம் பைத்தியம்னு சொல்லுவாங்க. நான் நிமாய் மாசிமா! என்னை அங்க எல்லாருக்கும் தெரியும்!"

அவன் மானம் எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே சரக்குதான் நிறைய இருக்கிறது. பட்டுப்புடவை கட்டாமல் கோயிலுக்குப் போகாதவள் நான். என் இடது செருப்பைக் கழற்றினேன். அவன் செருப்புக்குப் பக்கத்தில் வாசல்படியில் வைத்தேன். ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டிப் போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"இப்ப ரெண்டு பைத்தியம். எடு வண்டியை."

அவன் வலது செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டான். பிறகு ஏறினான்.

முதலில் சந்துக்குள்ளேயே பல தடவை போகவும் நிற்கவும் சொன்னேன். பிறகுதான் ரோட்டுக்கு விட்டேன். அதே திருப்பம். அதே மாதிரி ஒரு ரிக்ஷா. நிமாயின் இடது பாதத்தைப் பார்த்தேன். விரல்கள் சுருங்கின. எழும்பவில்லை. வலது கால் மெதுவாகப் பிரேக்கில் போய் உட்கார்ந்தது. நானும் என் விரல்களைச் சுருக்கி வைத்திருந்தேன் என்பது வண்டி நின்ற பிறகுதான் தெரிந்தது.

சால்ட் லேக் போய்ச் சேர்ந்தோம். அங்கே இறக்கிவிட்டுக் கார்டன் ரீச் பக்கம் திரும்பினோம். கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் கொஞ்சம் நகர்வது, நிற்பது. பிறகு நகர்வது, நிற்பது. அந்த நேரத்தில்தான் நிமாய் இடது முழங்காலை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துக்கொண்டான். பக்கத்தில் இடித்துக்கொண்டு வந்த ஆட்டோவைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினான். "ஏலே, வழிய விடுல!" என்றான். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கேன்டீன் வாசலில் இறங்கினோம். வெற்றுக் காலைப் பார்த்து யாரோ ஏதோ கேட்டார்கள். நிமாய், "மாசிமா வேண்டுதல்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டான். துணிக்கட்டை அவிழ்த்து மூடியைத் தூக்கினான். மாவு வாயருகே பொங்கி நின்றது. முன்பக்கமும் கோடு இல்லை, பின்பக்கமும் இல்லை. அடுத்த டிரம். அதற்கடுத்த டிரம். எல்லாம் அப்படியே.

அவன் மூடிகளைத் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

அப்போது போன் அடித்தது. செந்தில். தீர்ப்புச் சொல்ல நேரில் வந்திருக்கிறான் போலிருக்கிறது.

"எம்மா, எங்க இருக்கீங்க? வாசல்ல உங்க செருப்பு ஒண்ணு, நிமாய்தா செருப்பு ஒண்ணு கிடக்கு. ரெண்டும் இடது கால். என்னாச்சு? யாருக்காவது அடிபட்டுருச்சா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அதை எடுத்து உள்ள வைக்காத, அங்கேயே கிடக்கட்டும். நாளைக்கும் வேணும். நீ ஷோரூமுக்குப் போன் போட்டு, வண்டி எங்களுக்குத்தான்னு சொல்லிரு."